முழுக்கை அந்தோனி

கண்டியில், மஹய்யாவையில் வில்பிரட்டின் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் திருஇருதய ஆண்டவரைக் கும்பிட வேண்டும். அடுத்ததாக வில்பிரட்டின் பெரியப்பா அந்தோனியைப் பார்க்க வேண்டும். இரண்டு படங்களும் ஒரே சுவரில், ஒரே உயரத்தில், ஒரே சிவப்புப் பல்பின் வெளிச்சத்தில் தொங்கின. ஆண்டவர் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா எதையும் திறந்து காட்டவில்லை. கூட்டமாக நிற்கிற அந்தப் படத்தில் மற்ற எல்லாரும் கையில்லாத பனியன் போட்டுப் புஜத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, அவர் ஒருவர் மட்டும் மணிக்கட்டு வரைக்கும் மூடிய முழுக்கைச் சட்டையில் நின்றார். கையில், கோழிமுட்டையைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி ஒரு பந்து.

“அது ஏன் முழுக்கைன்னு தெரியுமா?” என்று வில்பிரட் வந்தவர்களைக் கேட்பார். அவர்கள் தெரியாது என்று சொல்வதற்கு முன்பே பதிலும் வந்துவிடும். “கேப்டனுக்கு மட்டுந்தான் முழுக்கை குடுப்பாங்க. ஆஸ்திரேலியாவுல அதான் சட்டம்.”

வந்தவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்து முடிப்பதற்குள் பெரியப்பாவின் விளையாட்டு வாழ்க்கை முழுவதும் ஓடி முடிந்துவிடும். நாற்பத்தொன்பதாம் ஆண்டு கப்பலேறியது, மெல்பர்னில் இறங்கிய அன்றே ஒரு கழகம் அவரைத் தூக்கிக்கொண்டு போனது, இறுதிப் போட்டியில் தனியாளாகக் கோல் மழை பொழிந்தது, அந்த நாட்டுப் பிரதம மந்திரி மைதானத்துக்குள் ஓடிவந்து கட்டிப்பிடித்தது. மகள் ஜூலி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிரதம மந்திரி கைதான் குலுக்கினார். அவள் கோயிலில் முதல் நன்மை எடுத்த வருசம் தோளில் தட்டினார். அவளுக்குப் பதினாறு வயதாகிற இந்த வருசம் கட்டிப்பிடிக்கிற நிலைக்கு வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச காலம் விட்டால் பெண் கொடுத்திருப்பார்.

அது என்ன விளையாட்டு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. பந்து நீளமாக இருந்தது. கண்டியில் நீளமான பந்து என்றால் ரகர், அதாவது ரக்பி. அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு ஜனவரியிலும் திகனப் பக்கத்து மைதானம் ஒன்றில் ‘அந்தோனி ஞாபகார்த்தக் கிண்ணம்’ ரகர் போட்டியாக நடந்தது. வில்பிரட்தான் தலைவர்.

அந்தோனி ரகர் ஆடியதேயில்லை என்பது ஜூலிக்கு மட்டும் தெரியும். அந்த ஆஸ்திரேலிய ஆட்டத்தை அவள் கைப்பேசியில் பார்த்திருந்தாள். பந்து மட்டுமல்ல, மைதானமே முட்டை வடிவம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். ஆளுக்கு மேல் ஆள் ஏறிப் பந்தைப் பிடிக்கிறார்கள். நடுக் கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்தால் போனாலும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை, ஒரு புள்ளி கொடுக்கிறார்கள். தப்பாகச் செய்ததற்கும் புள்ளி கொடுக்கிற ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கு டீச்சர் ரத்தினம்மாவுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அப்பாவுக்கு டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர் வேலை. முதலாளி திட்டுகிற நாட்களில், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பெரியப்பாவின் படத்தைத் துடைப்பார். துடைத்த பிறகு கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். அந்த நிமிர்வைத் தட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

போன மாதம் பேஸ்புக் வழியாகப் பெலிண்டா வந்து சேர்ந்தாள். மெல்பர்னில் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர். கிண்ணத்தின் பக்கத்தை நடத்துவது ஜூலி என்பதால் செய்தி அவளுக்குத்தான் வந்தது. படத்தில் முழுக்கையோடு நிற்கிறவர் தன் தாத்தா, பெயர் டோனி வான்டர்பெல் என்று எழுதி, பின்னால் ஒரு வரிசை ஆச்சரியக்குறி போட்டிருந்தாள்.

வான்டர்பெல் என்ற பெயர் வீட்டுக்குப் புதிதில்லை. ‘அந்தோனிமுத்துன்னு முழுப்பேரச் சொல்ல வெள்ளக்காரனுக்கு வாய் வராது, அதான் ஆட்டத்துக்குன்னு ஒரு பேரு’ என்று அப்பா சொல்லுவார், சினிமா நடிகர்கள் வைத்துக்கொள்வதைப் போல. ஆனால் பெலிண்டா அடுத்து அனுப்பிய குரல் பதிவை ஜூலி இரண்டு தடவை போட்டுக் கேட்டாள்.

தாத்தா டச்சுக்காரராம். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துத் துரையின் மகனாம். “தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள், உங்கள் சின்னதுரையை இன்னும் மறக்காமல் கிண்ணம் வைத்து விளையாடுகிறீர்களே” என்று சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. தாத்தா சாகும்போது ஒன்றுதான் கேட்டாராம். கண்டியில் இருக்கிற என் அம்மாவின் கல்லறையில் யாராவது ஒருநாள் பூ வையுங்கள். “என் அப்பாவால் கடைசி வரைக்கும் வர முடியவில்லை. நான் வருகிறேன். அந்தக் கல்லறை எங்கே என்று உனக்குத் தெரியுமா?”

ஜூலிக்கு நன்றாகத் தெரியும். அந்தோனியின் அம்மா பெயர் லூர்தம்மாள். ஹுன்னஸ்கிரியவில் வான்டர்பெல் என்ற, டச்சுக் கலப்புள்ள பறங்கிக் கிளாக்கரின் வீட்டில் சமையல் செய்தவள். பிறகு இளைய மகனோடு, அதாவது ஜூலியின் தாத்தாவோடு, மஹய்யாவைக்கு வந்து, அங்கேயே கண்மூடி, கனத்தைக் கல்லறைத் தோட்டத்தில் கீழ் வரிசையில் படுத்திருக்கிறாள். ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளுக்கு முன்பு ஜூலியின் அம்மா யோசப்பின் அந்தச் சீமெந்துக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். கறுப்புப் பெயிண்டால் பெயரைப் புதுப்பிப்பது ஜூலியின் வேலை.

இதையெல்லாம் எழுதுவதற்குப் பதிலாக ஜூலி கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள். சின்னதுரைக்கும் டச்சுக்கும் கல்லறைக்கும் சேர்த்து ஒரே கட்டைவிரல்.

கிண்ணப் போட்டி நடக்கிற சனிக்கிழமை பெலிண்டா வருகிறாள் என்றால் வியாழன் இரவு ஜூலி போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு, திகனயில் இருக்கிற கூட்டாளி பஸீஹாவுக்குப் போன் எடுத்தாள்.

“ஏன்டி மூச்சு வாங்குற? பேய் கனவு கண்டியா?”

“பேய்னா பரவால்ல. பஸீ, சனிக்கிழம நான் செத்தேன்.”

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். பஸீஹா அந்தப் பக்கத்தில் வேறொரு போனில் எதையோ தேடிக்கொண்டே கேட்டாள்.

“இங்க பாரு, அந்த நேரம் வெள்ளக்காரன் இல்லாட்டி அந்த நாட்டுக்குள்ளயே எடுக்க மாட்டாங்களாம்டி. பறங்கி ஆக்கள எடுத்தீக்கிறாங்க, அதுவும் பாக்க வெள்ளயா ஈந்தா மட்டும். ஒங்கட பெரிய தாத்தா சும்மா பேர மாத்தல்ல. ஆளயே மாத்தீக்கிறாரு.”

இந்த நாடு அப்போதுதான் தோட்டத்து ஆட்களைப் பார்த்து ‘நீ இந்தியாக்காரன்’ என்று குடியுரிமையைப் பறித்திருந்தது. அந்த நாடு ‘நீ கறுப்பன்’ என்று கதவைச் சாத்தி வைத்திருந்தது. அந்தோனி, அம்மா சமைத்த வீட்டுக்காரரின் பெயரைத் தூக்கி மாட்டிக்கொண்டு, ஒரே பெயரில் இரண்டு அரசாங்கத்தையும் ஏமாற்றியிருக்கிறார். கோல் போட்டாரோ இல்லையோ, இதற்கே ஒரு கிண்ணம் வைக்கலாம்.

“நான் என்னா செய்ய, பஸீ?”

“உண்மைய செல்லு.”

“அவரு துரை மகன், நாங்க கூலிக்காரவங்கன்னு அவ எல்லாருக்கும் முன்னால சொல்லப்போறா. அத நான்தான் தமிழ்ல சொல்லணும். இல்லன்னு மறுத்தா பெரிய தாத்தா பொய்க்காரன். எப்படிப் பாத்தாலும் அப்பா செத்துருவாரு.”

“அப்ப பொய்ய செல்லு.”

“அந்தக் கெழவிக்குப் பூ கிடைக்காது. மகன் சாகும்போது கேட்ட ஒரே ஒரு பூ.”

“அப்ப காய்ச்சல்னு செல்லிப் படு.” பஸீஹா சிரிப்பை அடக்கினாள். “பயப்புடாதடி. எல்லார்ட வீட்டிலயும் இது ஈக்குது. எங்கட மூத்தாப்பா, வாப்பாட வாப்பா, யெமன்ல ஈந்து கப்பல்ல வந்தவரு எண்டு வாப்பா ஊரெல்லாம் செல்ற. அவரு வந்தது மாத்தளையில ஈந்து பஸ்ஸில.”

வெள்ளிக்கிழமை பின்னேரம், அப்பா படத்தைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து, அவரைக் கதிரையில் உட்கார வைத்து ஜூலி விசயத்தைச் சொன்னாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் கொடுப்பதற்கு ஒரு கிளாஸ் தண்ணீரும் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அப்பா சாயவில்லை. தண்ணீரை அவரே எடுத்துக் குடித்தார்.

“டச்சு?” என்றார்.

“ம்.”

“அவங்களா சொன்னாங்க? நாம சொல்லல்லியே?”

“அது பொய்ப்பா. வெள்ளக்காரன்னு சொன்னாத்தான் உள்ள விடுவாங்கன்னு பெரிய தாத்தா...”

“இரு.” அவர் எழுந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய், முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். “பெரியப்பா டச்சுன்னா, அவரு கூடப்பொறந்த எங்கப்பா யாரு? அவரு மகன் நான் யாரு?” குசினிப் பக்கம் திரும்பினார். “யோசப்பின்! இங்க வந்து என் மூக்கப் பாரு.”

யோசப்பின் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கலியாணம் கட்டின நாள்ல இருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“சாதாரண மூக்கா இது?”

“தடுமல் புடிச்சா ஒழுகுது. வேற என்னா செய்யணும்?”

“டச்சு மூக்குடி!”

யோசப்பின் அகப்பையோடு வெளியே வந்தாள். “நீங்க டச்சுன்னா ஒங்க பாட்டியப் பத்தி என்னா சொல்றீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த மனுசி கிளாக்கர் வீட்டுல சமைக்கப் போச்சா, வேற எதுக்கும் போச்சா?”

வில்பிரட் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டே சுவரில் இருந்த பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு வழி கண்டுபிடித்த முகம் வந்தது.

“பாட்டியே இல்லன்னு வச்சிட்டா?”

கனத்தையின் மேல் வரிசையில் கிளாக்கரின் மனைவி எலிசபெத் வான்டர்பெல்லின் கல்லறை இருந்தது. பளிங்குக் கல், மேலே சிறகு விரித்த தேவதூதன், சம்மனசு. பெலிண்டாவை அங்கே கூட்டிக்கொண்டு போவது என்று வில்பிரட் முடிவு செய்தார். கல்லில் பெயர் சரியாக இருக்கிறது. சம்மனசு இருப்பதால் படமும் நன்றாக வரும்.

“அவரு அவரோட அம்மாவுக்குத்தான் கேட்டாருப்பா” என்றாள் ஜூலி.

“நம்ம பாட்டிக்குத்தான் வருசா வருசம் நாம வைக்கிறோமே. ஒரு பூவுக்காகக் கோவிச்சுக்க மாட்டாங்க. நீ நான் சொல்றத மட்டும் இங்கிலீசுல சொல்லு. ஒரு சொல்லு கூடக்கொறைய வந்திச்சி, அதுக்குப் பொறகு என் மூஞ்சில முழிக்காத.”

அவர் மகளை அப்படி ஒருநாளும் மிரட்டியதில்லை. ஜூலிக்கு, காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம் என்று அப்போது உண்மையாகவே தோன்றியது.

சனிக்கிழமை காலை வில்பிரட் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கனத்தைக்கு வந்தார். கழுத்து வரை பவுடர். கிண்ணக் குழுவின் செயலாளர் முத்துலிங்கம், மேசையும் பலகாரமும் ஏற்றிக்கொண்டு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். தலைவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னா வில்பிரட், மாவு மில்லுல விழுந்துட்டீங்களா?”

வில்பிரட் விசயத்தைச் சொன்னார். முத்துலிங்கம் யோசித்தார்.

“அப்ப நான் இனிமே ஒங்கள சேர்னு கூப்பிடணுமா?”

“கூப்பிட்டா நல்லம்.”

“வாங்கின கைமாத்தக் குடுத்துட்டா துரைன்னே கூப்பிடுறேன்.”

மேசையை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. வில்பிரட் கீழ் வரிசையைக் காட்டினார். சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருந்த லூர்தம்மாளின் குட்டிக் கல்லறை, பெலிண்டா வந்ததும் முதலில் கண்ணில் படும். அதன் மேல் கருங்கறுப்பில் ஒரு தமிழ்ப் பெயர் வேறு. மேசையைக் கல்லறைக்கு இந்தப் பக்கம் இரண்டு கால், அந்தப் பக்கம் இரண்டு காலாக நிறுத்தி, நிலம் வரைக்கும் தொங்குகிற பூப்போட்ட விரிப்பைப் போட்டார்கள். அதற்கு மேல் பட்டிஸ், ரோல்ஸ், வாழைப்பழம், சோடா. லூர்தம்மாள் தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருப்பாள். செத்த பிறகும் அந்த வேலையிலிருந்து விடவில்லை.

யோசப்பின் அந்த மேசையைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

பெலிண்டா கைநிறைய வெள்ளை ரோசாவோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். வெயிலில் வெந்த முகம், பெரிய சிரிப்பு. வில்பிரட் கையை நீட்டுவதற்குள் அவளே அதைப் பிடித்துக் குலுக்கி, இந்தக் கல்லறைகளையெல்லாம் பராமரிக்கிறவர் நீங்கள்தானா, மிகவும் நன்றி என்றாள்.

“என்னா சொல்றாங்க?” என்றார் வில்பிரட் முகம் மலர்ந்து.

“வணக்கம் சொல்றாங்கப்பா.”

மேல் வரிசைக்கு ஏறுகிற வழியில் பெலிண்டா தாத்தாவின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாத்தாவைப் போல எம்பிக் குதிக்கிறவன் அந்தக் கழகத்தில் இருந்ததில்லையாம். எதிராளியின் தோளில் கால் வைத்து ஏறி, வானத்திலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு இறங்குவாராம். இறங்கிய பிறகுதான் சனியன் தொடங்கும். உதைக்கிற பந்தெல்லாம் பக்கத்தால் போகும், ஒரு புள்ளி, ஒரு புள்ளி, ஒரு புள்ளி. பெரிய அணியில் ஆடிய ஆட்டங்களில் அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பந்து நடுக் கம்பங்களுக்கு இடையில் அழகாகப் போனது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதை மறந்து, தங்கள் பக்கத்துக் கம்பங்களுக்குள்ளேயே உதைத்துவிட்டார். அதற்கும் ஒரு புள்ளிதான், எதிரணிக்கு. அடுத்த வருசம் இரண்டாம் அணிக்கு இறக்கிவிட்டார்கள். பிறகு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

“என்னா சொல்றாங்க?”

“கோல் மழைன்னு சொல்றாங்கப்பா.”

“நான் சொல்லல்லியா!” என்று வில்பிரட் முத்துலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தச் சட்டை!” என்று பெலிண்டா தொடர்ந்தாள். எலும்பு உருகுகிற வெயிலிலும் பயிற்சிக்கு முழுக்கைதான் போடுவாராம். கூட ஆடியவர்கள் கேலி பண்ணினால், டச்சுத் தோல், வெயில் பட்டால் உரியும் என்பாராம். கடற்கரைக்குப் போனாலும் சட்டையைக் கழற்ற மாட்டாராம். பேரப்பிள்ளைகள் யாரும் தாத்தாவின் முழங்கையைக் கண்டதேயில்லை. “பாவம், வெயிலுக்கு அவ்வளவு பயம்!”

பெலிண்டா வாய்விட்டுச் சிரித்தாள். ஜூலி சிரிக்கவில்லை. முகத்தைத் தொப்பியால் மறைக்கலாம், பவுடர் போடலாம். ஓடி வியர்க்கிற கைக்கு என்ன செய்வது? கேப்டன் சட்டமுமில்லை, ஒன்றுமில்லை. அந்த மனுசன் நடுமைதானத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கையை ஒளித்துக்கொண்டு ஆடியிருக்கிறார். அப்படி ஆடினால் யாருக்குத்தான் உதை சரியாக விழும்?

சம்மனசுக் கல்லறைக்கு முன்னால் பெலிண்டா முழங்காலில் இருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. பளிங்கில் உள்ளங்கையை வைத்து, ‘ஹலோ, பாட்டி’ என்றாள். கண் நிறைந்திருந்தது. பூவைக் கீழே வைக்காமல், ஜூலியை நிமிர்ந்து பார்த்து, இவர் எப்படிப்பட்டவர், ஏதாவது கதை தெரியுமா என்று கேட்டாள்.

ஜூலி மொழிபெயர்த்தாள். வில்பிரட் தொண்டையைச் செருமினார்.

“பியானோ வாசிப்பாங்கன்னு சொல்லு.”

ஜூலி கீழ் வரிசையில் இருந்த மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லு மக. பியானோ. குதிரையும் ஓட்டுவாங்க.”

பின்னால் நின்ற முத்துலிங்கம், “ரெண்டையும் ஒரே நேரத்துலயா?” என்றார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தால் பேச முடியாது என்று ஜூலிக்குத் தெரிந்தது. அதனால் ரோசாக்களைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசில், சத்தமில்லாமல் சொன்னாள்.

“இது அவருடைய அம்மா இல்லை. அவருடைய அம்மா பட்டிஸுக்குக் கீழே இருக்கிறார்.”

பெலிண்டா அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். ஜூலி சரிவில் இறங்கி ஓடினாள். ரோல்ஸ் தட்டைப் புல்லில் வைத்தாள், சோடாப் போத்தல்களை வைத்தாள். “என்னாடி செய்ற? ஜூலி! பிச்சிருவேன்!” என்று அப்பா மேலேயிருந்து கத்துவது கேட்டது. பட்டிஸ் தட்டைத் தூக்கிய அவசரத்தில் இரண்டு உருண்டு போயின. விரிப்பை உருவினாள். மேசை பாரமாக இருந்தது. அதன் அடுத்த முனையை யாரோ பிடித்தார்கள். பார்த்தால் அம்மா. இருவருமாக நகர்த்தினார்கள்.

பெலிண்டா மூச்சு வாங்க வந்து நின்றாள். சின்னச் சீமெந்துக் கல்லறையையும், பெயிண்ட் வழிந்த எழுத்துகளையும் பார்த்தாள்.

“லூர்தம்மாள்” என்று ஜூலி வாசித்தாள். “வான்டர்பெல் என்கிற கிளாக்கர் வீட்டில் சமையல் செய்தவர். உங்கள் தாத்தா அவருடைய மூத்த மகன். என் தாத்தா இளைய மகன்.” பிறகு, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தன் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் கையை நீட்டிக் காட்டினாள்.

பெலிண்டா அந்தக் கையைப் பார்த்தபடியே புல்லில் உட்கார்ந்தாள். அவள் உதடு ‘சட்டை’ என்று அசைந்தது. இப்போது எழுந்து பளாரென்று ஒன்று வைப்பாள், இல்லாவிட்டால் முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டுப் போய்விடுவாள் என்று ஜூலி நினைத்தாள்.

பெலிண்டா எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

“உனக்குப் புரிகிறதா? நான் தமிழச்சி! எங்கள் கழகத்தில் ஆடிய முதல் தமிழர் என் தாத்தா! இதைக் கேட்டால் அவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். அவர் பெயரில் ஒரு நாளே கொண்டாடுவார்கள். நான் சாரி உடுத்திக்கொண்டு போவேன்!” அவள் போனை உயர்த்திப் பிடித்து, கல்லறையோடு சேர்த்துத் தன் முகத்தைப் படமெடுக்க இடம் தேடினாள். ரோசாக்கள் கக்கத்தில் நசுங்கின.

தமிழ் என்ற சொல் வில்பிரட்டின் காதில் விழுந்துவிட்டது. அவர் ஓடிவந்தார். பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

“என்னா சொல்றாங்க?”

“தமிழ்னு சொல்றாங்கப்பா. அவங்களும் தமிழாம்.”

“பைத்தியமா? நாம டச்சுன்னு சொல்லு!”

“நாங்கள் டச்சு என்று அப்பா சொல்கிறார்” என்றாள் ஜூலி இங்கிலீசில்.

“முடியாது! நான் தமிழ்! அவரிடம் சொல்!”

“முடியாதாம். தமிழாம்.”

“வெள்ளத் தோல வச்சிக்கிட்டு அவங்களுக்கு என்னா தமிழ் வேண்டியிருக்கு? நான் எத்தன வருசமா தமிழனா இருக்கேன், ஒருத்தன் என்னய பாத்துத் துள்ளிக் குதிச்சானா?”

முத்துலிங்கம் உருண்டுபோன பட்டிஸ் ஒன்றைப் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். “மாத்திக்கிறதுன்னா ரெண்டு பேரும் இங்கயே மாத்திக்கங்க. மேட்சுக்கு நேரமாகுது.”

இரண்டு பக்கமும் ஜூலியைப் பார்த்து ஒரே நேரத்தில் பேசினார்கள். இவர் வெள்ளையாக மாறப் பார்த்தார், அவள் கறுப்பாக மாறப் பார்த்தாள். இரண்டு பேரில் ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை. கீழே படுத்திருந்தவள் எதுவாகவும் மாறக் கேட்கவில்லை. அவளுடைய மகன் மட்டுந்தான் ஒன்று கேட்டிருந்தான். அது இன்னும் பெலிண்டாவின் கக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்தது. ஜூலிக்குப் பயம் போய்விடவில்லை. ஆனால் பயத்துக்கு மேலே ஒரு எரிச்சல் ஏறி உட்கார்ந்தது.

“அக்கா!” என்று அவள் போட்ட சத்தத்தில் பெலிண்டாவின் கை அப்படியே நின்றது. அந்தச் சொல்லுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. “போனைக் கீழே வையுங்கள். முதலில் பூ.” பிறகு அப்பாவிடம் திரும்பி, “நீங்களும் கொஞ்சம் பேசாம இருங்க” என்றாள்.

பெலிண்டாவுக்கு முகம் சிவந்தது. போனைப் பைக்குள் போட்டாள். முழங்காலிட்டு, நசுங்கிய ரோசாக்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி லூர்தம்மாளின் தலைமாட்டில் வைத்தாள். இந்தத் தடவை ‘ஹலோ’ சொல்லவில்லை. யோசப்பின் சேலை மடிப்பிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தி, அவள் கையில் கொடுத்தாள். காற்று வீசியது. பெலிண்டா உள்ளங்கையால் சுடரை மறைத்தாள்.

வில்பிரட் மேல் வரிசையைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். கோட்டுக்குள் வெந்திருக்க வேண்டும். ஒரு கையை உருவினார், மற்றக் கையை உருவினார், கோட்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு மெதுவாக வந்து கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, ஜூலியை நம்பாமல், தனக்குத் தெரிந்த இங்கிலீசிலேயே சொன்னார்.

“மை கிராண்ட்மதர். வெரி குட் குக்.”

பெலிண்டா அவரை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வில்பிரட் அந்தப் பக்கம் திரும்பாமல் மகளிடம் குனிந்தார். குரல் தணிந்திருந்தது. “ஆனா நம்ம பக்கத்துல கொஞ்சம் டச்சு ரத்தமும் இருக்குன்னு சாடையா ஒரு சொல்லு சொல்லி வையி.”

“அவர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டாள் பெலிண்டா.

“சாப்பிடச் சொல்கிறார்” என்றாள் ஜூலி, பட்டிஸ் தட்டை எடுத்து நீட்டி.